பெட்டி விழுந்த பிறகு

என் அம்மா கனகவள்ளி இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு நாடக அரங்கில் வேலை பார்த்தாள். ஒரு நாடகம்கூடப் பார்த்ததில்லை.

வேலை மேடையில் இல்லை. மாட்டுங்காவில் தமிழ் நாடகங்கள் நடக்கும் அரங்கின் பின்பக்கத்துக் கேண்டீனில். இடைவேளையில் நானூறு பேருக்கு போண்டாவும் காபியும் தயாராக இருக்க வேண்டும். முன்னாலேயே போட்டால் போண்டா ஆறிவிடும். பிந்திப் போட்டால் வரிசை நகராது. அதனால் ஒவ்வொரு நாடகத்திலும் ஒரு சத்தத்தை அம்மா குறித்து வைத்திருந்தாள். ஒன்றில் டெலிபோன் மணி. ஒன்றில் மாமனாரின் இருமல். அது கேட்டதும் மாவு எண்ணெயில் விழும். திரை இறங்கும்போது முதல் தட்டு வெளியே போகும்.

இடைவேளைக்குப் பிறகு டம்ளர் கழுவும் வேலை. குழாய்ச் சத்தத்தில் மேடைப் பேச்சு எதுவும் கேட்காது. கழுவி முடித்துக் கைதுடைக்கும்போது ஜனம் கலைந்திருக்கும். ஆகவே அம்மாவுக்கு எல்லா நாடகங்களும் முதல் பாதிவரை தெரியும், காதால் மட்டும்.

ஒரு நாடகம் அவளை விடவில்லை. மாமனாரிடம் பேச்சு வாங்கும் மருமகள், பரண்மேல் இருக்கும் பெட்டியை இழுத்துத் தரையில் போடுவாள். தடாலென்று ஒரு சத்தம். அதன்பின் பேச்சே கிடையாது. ஆறு நிமிடத்தில் திரை. கல்லூரி நாட்களில் அம்மாவோடு கேண்டீனில் போய் நின்று நான் ஒருமுறை கடிகாரம் வைத்து அளந்தேன். ஆறு நிமிடம் பத்து விநாடி.

பெட்டியோடு வீட்டை விட்டுப் போன அந்த மருமகள் திரும்பி வந்தாளா இல்லையா? இதுதான் என் பெற்றோரின் தீராத வழக்கு. அப்பா தங்கபாண்டி வெல்டிங் பட்டறையில் வேலை செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அரங்கின் பின்வாசலில் நின்று அம்மாவை அழைத்துவருவார். தாராவியில் வீடு வந்து சேரும்வரை இருவரும் இதைப் பேசிக்கொண்டே நடப்பார்கள். வந்திருப்பாள் என்பார் அப்பா. போனவள் போனவள்தான் என்பாள் அம்மா. யாரிடமாவது கேட்டிருக்கலாம். நானே கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அம்மா ஒப்பவில்லை.

"கேட்டுத் தெரிஞ்சா அது ஊர்வம்புட்டி. பாத்தாத்தான் கதை."

அப்பா இறந்து இரண்டு வருடம் கழித்து, முழங்கால் வலியால் அம்மா கேண்டீனை விட்டாள். அடுத்த மழைக்காலம் முடிந்ததும் அதே நாடகம் அதே அரங்கில் ஞாயிறு நான்கு மணிக்கு என்று அறிவிப்பு வந்தது. நான் தாணேயில் இருக்கிறேன். செம்பூர் பக்கம் ஓர் ஆலையில் அழுத்தமானிகளைச் சரிபார்க்கும் பொறியாளர். இரண்டு டிக்கெட் பதிவு செய்துவிட்டுப் போன் செய்தேன். ஒன்றை ரத்து செய்யச் சொன்னாள்.

"நீ வந்தா நடுவுல எனக்கு வெளக்கம் சொல்லுவ. இல்லன்னா போன நோண்டுவ. நான் தனியாப் போயிக்கிடுதேன்."

இனி சொல்வதில் பாதி அம்மா சொன்னது. மீதி, கேண்டீனை இப்போது நடத்தும் ராஜபாண்டி சொன்னது.

அம்மா பச்சைப் பட்டு கட்டிக்கொண்டு மூன்றரைக்கே போய்ச் சேர்ந்தாள். நேராகப் பின்வாசலுக்குப் போனாள். இருபத்திரண்டு ஆண்டுகள் நடந்த கால்கள், அந்த வழிதான் அவற்றுக்குத் தெரியும். உள்ளே ராஜபாண்டி தவித்துக்கொண்டிருந்தார். தண்டவாளப் பராமரிப்புக்கான ஞாயிறு மெகா பிளாக். ஹார்பர் லைனில் ரயில் இல்லை, மான்குர்தில் இருந்து வரவேண்டிய பெண் வரவில்லை. அம்மாவைப் பார்த்ததும் அவருக்கு உயிர் வந்தது. இடைவேளை நெருங்கும்போது ஒரு அரை மணி நேரம் போதும் யக்கா, மாவு தயார், எண்ணெய்ப் பக்கம் மட்டும் நின்றால் போதும் என்றார்.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். மாவைத் தொட்டுப் பார்த்து, தண்ணீர் கூடிவிட்டது என்றாள். கரண்டியைக் கையில் எடுத்தாள். ராஜபாண்டி சொல்கிறார், "அவ்வளவுதான், யக்கா நின்னுட்டான்னு நெனச்சேன்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். செருகின முந்தானையை எடுத்துவிட்டு நீவிக்கொண்டாள்.

"இன்னைக்கு நான் டிக்கெட்டு வச்சிருக்கேன்லே. பெட்டி விழுற சத்தம் கேக்கும், அப்பப் போடு. நான் வரமாட்டேன்."

கேண்டீன் கதவைத் திறந்தால் அரங்கு பத்து அடி. அம்மா அந்த வழியாகப் போகவில்லை. வெளியே வந்து, கட்டடத்தைச் சுற்றி, முன்வாசலுக்குப் போனாள். அங்கே ஒருவர் டிக்கெட்டைக் கிழித்து, இருக்கை எண்ணைச் சொல்லி, விரலால் வழியும் காட்டினார். அந்த மனிதருக்குப் பலமுறை காபி கொடுத்திருக்கிறாள். பட்டுப் புடவையில் அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

நாடகம் தொடங்கியது. வசனமெல்லாம் அம்மாவுக்கு மனப்பாடம். ஆனால் குரல்களுக்கு முகம் இருந்தது அன்றைக்குத்தான். மாமனார் குள்ளமாக இருந்தது ஏமாற்றம். மேடை நடுவே அவருக்கென்று ஒரு நாற்காலி. அதில் வேறு யாரும் உட்காரக் கூடாது என்பது காதால் கேட்டவளுக்குத் தெரியாத விஷயம்.

பெட்டி விழுந்தது. அம்மா எழுந்துவிட்டாள்.

யோசித்து எழவில்லை. சத்தம் கேட்டதும் உடம்பு எழுந்தது. பின்வரிசையில் முணுமுணுத்தார்கள். பக்கத்து இருக்கைப் பெண்மணி முழங்கையைத் தொட்டு, "உக்காருங்கோ மாமி, இன்னும் இண்டர்வெல் விடலை" என்றாள். தன்னை ஒருத்தி மாமி என்று கூப்பிட்டதை அம்மா பிறகு தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். ஆனால் அந்த நொடியில் நின்றுகொண்டுதான் இருந்தாள். கதவுக்கு அப்பால் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. ராஜபாண்டி தனியாக நின்றார். போனால் வேலை நடக்கும். வழக்கு தீராமலே நின்றுவிடும்.

உட்கார்ந்தாள்.

அந்த ஆறு நிமிடத்தில் மருமகள் அழுவாள் என்று இருபத்திரண்டு வருடமாக நினைத்திருந்தாள். "அழல்லட்டி. துணி மடிச்சு வைக்கா. ஒண்ணொண்ணா, நிதானமா. அதுக்கு இத்தன சனமும் மூச்சுவிடாம பாத்துக்கிட்டு இருக்கு."

இடைவேளையில் வரிசையில் நின்று போண்டா வாங்கினாள். புகைபோக்கி விசிறியின் இரைச்சலில் ராஜபாண்டிக்குப் பெட்டிச் சத்தம் கேட்கவே இல்லை. கைதட்டல் கேட்ட பிறகு போட்டிருக்கிறார். அம்மா கடித்துப் பார்த்து, உள்ளே மாவாக இருக்கிறது, இனிமேல் விசிறியை நிறுத்திவிட்டுக் கேள் என்று சொல்லி, மிச்சத்தையும் தின்றுவிட்டு இருக்கைக்குத் திரும்பினாள்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு அப்பா படத்துக்கு முன்னால் நின்றாள். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு நான் வந்திருந்தேன்.

"அவ திரும்பி வந்துட்டா. நீங்க சொன்னதுதான் சரி. ஆனா எப்பிடி வந்தான்னு உங்களுக்குத் தெரியாதுல்லா."

எப்படி வந்தாள் என்று நான் கேட்டேன்.

"போயிப் பாரு. தனியாப் போ."

அதற்குப் பிறகு அம்மா எட்டு நாடகங்கள் பார்த்தாள். எல்லாம் தனியாக, எல்லாம் முன்வாசல் வழியாக. பிப்ரவரியில், ஒரு வியாழக்கிழமை காலை, இதயம் நின்றது. அறுபத்து மூன்று வயது. ஆஸ்பத்திரிக்கு நான் பதினோரு நிமிடம் தாமதமாகப் போனேன். அந்த எண்ணை என்னால் எதைக் கொண்டும் சரிசெய்ய முடியவில்லை.

போன ஞாயிறு அந்த நாடகம் மறுபடியும் வந்தது. ஒரு டிக்கெட் வாங்கினேன். நாடகத்துக்கு நான் தனியாகப் போனதில்லை. யாரோடும்கூடப் போனதில்லை. முன்வாசல் வழியாகப் போனேன். போனை அணைத்துப் பையில் வைத்தேன்.

பெட்டி விழுந்தது. நான் எழவில்லை. புது நடிகை இன்னும் மெதுவாக மடிக்கிறாள், ஏழரை நிமிடம் ஆனது. பாதியிலேயே பக்கவாட்டுக் கதவின் இடுக்கு வழியாக எண்ணெய் வாசனை வந்தது. ராஜபாண்டி விசிறியை நிறுத்தியிருக்கிறார். இடைவேளையில் வாங்கிய போண்டா கொஞ்சம் கூடுதலாகச் சிவந்திருந்தது. சூடாக இருந்தது.

இரண்டாம் பாதியின் கடைசியில் மருமகள் வந்தாள். மணி அடிக்கவில்லை. கதவைத் தட்டவில்லை. நேராக நடந்துவந்து, பெட்டியை நடுக்கூடத்தில் வைத்துவிட்டு, மாமனாரின் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு காபி கொண்டுவாருங்கள் என்றாள். கொண்டுவந்தார்கள்.

தாராவி வீட்டில் இப்போது இரண்டு படங்கள். அப்பா படத்துக்கு முன்னால் நின்று, அவள் எப்படி வந்தாள் என்று சொன்னேன். அம்மாவுக்குச் சொல்ல வேண்டியதில்லை.