நைனா வாங்கிவந்த கொள்ளைக்கார ஆட்டம்

புது அட்டைப் பெட்டியைப் பிரித்ததும் வருகிற பசை வாசனை என் மகளுக்குப் பிடிக்கும்; எனக்கோ கடல் கொள்ளையர் ஆட்டம் என்றால் கருவாட்டு வாசனைதான் அடிக்க வேண்டும். நான் சிறுமியாக இருந்தபோது காசிமேட்டில் எங்கள் ஒற்றை அறை வீட்டில் அந்த ஆட்டப் பெட்டிக்குக் கிடைத்த ஒரே இடம் பரண், அதுவும் அம்மாவின் நெத்திலிக் கருவாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில். ஆடிவிட்டுக் கை கழுவாமல் பள்ளிக்கூடம் போனால் பக்கத்து பெஞ்சுக்காரிகள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள்.

இப்போது நாங்கள் குடியிருக்கும் மாத்தூர் அடுக்குமாடியின் வாட்ஸ்அப் குழுவில், லீவுக்குப் பிள்ளைகளுக்கு என்ன வாங்கலாம் என்று பேச்சு வந்தது. நான் மகளுக்கு ஒரு கப்பல் ஆட்டம் வாங்கியிருப்பது தெரிந்து, எப்படி இருக்கிறது, இரண்டு வரி எழுதுங்கள் என்றார்கள். இரண்டு வரி எழுதத்தான் உட்கார்ந்தேன், பழைய பெட்டி வந்து குறுக்கே நின்றுவிட்டது.

அதை வாங்கிவந்தவர் நைனா. எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகள் அப்பாவை அப்படித்தான் கூப்பிட்டார்கள், நாங்களும்தான். அவர் 'லாஞ்சு' என்று நாங்கள் சொல்லும் விசைப்படகில் மீன் பிடிக்கப் போகிறவர். போனால் திரும்பிவர நாள் கணக்காகும். ஒருமுறை கரைக்கு வந்தவர் பர்மா பஜார் பக்கம் சுற்றிவிட்டு, ஒற்றைக் கண்ணில் துணி கட்டிய தாடிக்காரன் படம் போட்ட அந்தப் பெட்டியோடு வந்தார். விதிகள் இங்கிலீஷில் இருந்தன. அண்ணன் எழுத்துக்கூட்டிப் படித்துச் சொன்னான்; புரியாத இடங்களில் தானே இட்டுக்கட்டினான், அப்படிக் கட்டியதெல்லாம் அவனுக்கே சாதகமாக அமைந்தது ஆண்டவன் செயல்தான்.

பகடை உருட்டித் தீவுக்குத் தீவு போய்ப் பொற்காசு அள்ள வேண்டும், நடுநடுவே சீட்டு எடுக்க வேண்டும், புயல் சீட்டு வந்தால் கப்பலை நின்ற இடத்திலேயே கவிழ்த்துவிட்டு ஆட்டத்திலிருந்து எழுந்துவிட வேண்டும். கடைசிவரை கவிழாத கப்பல் யாருடையதோ அவர் ஜெயித்தார்.

கவிழ்ப்பதுதான் எங்கள் வீட்டில் ஆகாத காரியம். ஆம்பளை கடலில் இருக்கும்போது எங்கள் தெருவில் யாரும் எதையும் கவிழ்த்து வைக்கமாட்டார்கள். கழுவின குண்டானும் சட்டியும் டம்ளரும் தண்ணீர் வடிய சுவரில் சாய்ந்துதான் நிற்கும். குழந்தை விளையாட்டாகக் கொட்டாங்கச்சியைக் கவிழ்த்தால்கூட முதுகில் ஒன்று விழும். நைனா மறுபடி கடலுக்குப் போனபின் நாங்கள் ஆடிய முதல் ஆட்டத்தில், அண்ணன் என் மஞ்சள் கப்பலைக் குப்புறப் போட்டதைப் பார்த்துவிட்டு அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள்.

"டேய், இன்னாடா பண்றே? ஒங்க நைனா தண்ணியில கீறாருடா! நிமுத்துடா அத்த!"

அன்றைக்கே அம்மா புதுச் சட்டம் போட்டாள். புயலில் சிக்கிய கப்பல் அட்டையின் ஓரத்துக்கு வந்து நிற்க வேண்டும், அதுதான் கரை. ஆக எல்லாக் கப்பலும் பத்திரமாகக் கரை சேரும், யாரும் தோற்கமாட்டார்கள், ஆட்டமும் முடியாது. "இத்தப் போய் யாருனா ஆடுவாங்களா?" என்று அண்ணன் சலித்துக்கொள்வான்.

உண்மையான ஆட்டம் தடைக்காலத்தில்தான். மீன்பிடிக்கத் தடை போட்டு லாஞ்சுகளெல்லாம் துறைமுகத்தில் நெருக்கியடித்து நிற்கும் அந்தக் கோடையில், நைனா வீட்டில் இருப்பார், பள்ளிக்கூடமும் லீவு, குழம்பில் மீன் குறைந்து கத்திரிக்காய் கூடியிருக்கும், அடுப்படியில் பாத்திரமெல்லாம் ஹாயாகக் கவிழ்ந்து கிடக்கும். "கவுறாத கப்பலு இன்னாடா கப்பலு?" என்று சொல்லிக்கொண்டே நைனா எங்கள் கப்பல்களை ஒவ்வொன்றாகக் கவிழ்ப்பார், தன் கப்பல் கவிழ்ந்தால் பாயில் மல்லாந்து விழுந்து, கையைக் காலை உதைத்து, தண்ணீர் குடிக்கிற மாதிரி 'களக் களக்' என்று சத்தம் கொடுப்பார். "சீ, வாயக் களுவு" என்று அம்மா திட்டுவாள், திட்டிக்கொண்டே சிரிப்பாள்.

அப்படியொரு தடைக்காலம் முடிந்து போன முதல் நடையிலேயே காற்று பிடித்துக்கொண்டது. மற்ற லாஞ்சுகள் முன்னும் பின்னுமாக வந்து சேர்ந்தன, நைனா போனது வரவில்லை. தேடிப் போனவர்களுக்கு ஒரு பலகைகூட அகப்படவில்லை. அந்த நாட்களில் நானும் அண்ணனும் அட்டையை விரித்து, அம்மாவின் சட்டப்படி ஒரு கப்பலையும் கவிழ்க்காமல், பசிக்கிறது என்றுகூடச் சொல்லாமல் ஆடிக்கொண்டே இருந்தோம். அண்ணன் ஒருமுறைகூட முனகவில்லை. எங்கள் கப்பல்கள் எல்லாம் கரைக்கு வந்துகொண்டுதான் இருந்தன.

பிறகு ஒருநாள் கோயிலிலிருந்து பாதர் வந்து, ஆத்துமாவுக்கு ஒரு பூசை வைக்கலாமே என்று மெதுவாகச் சொன்னார். "கடல்ல கீற ஆளுக்கு யாருனா பூச வெப்பாங்களா பாதர்?" என்றாள் அம்மா. கல்லறைத் திருநாளுக்கு அவரவர் வீட்டில் செத்தவர்களின் பெயரை எழுதிக் கொடுப்பார்கள்; நைனாவின் பெயரை அம்மா ஒரு வருஷமும் கொடுக்கவில்லை.

அந்தத் தெரு இன்று இல்லை. வீடுகள் இருந்த இடத்தில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. பெட்டி ஒரு மழையில் ஊறிக் கூழாகிப்போனது. அண்ணன் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறான், கடலைப் பார்க்க வேண்டியிருக்கிறதே என்று அலுத்துக்கொள்வான். அம்மா என்னோடு இருக்கிறாள். மாத்தூர் வீட்டிலும் நான் பாத்திரங்களைக் கழுவிச் சுவரில் சாய்த்தே வைக்கிறேன். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் ஒரு குண்டானைக் கவிழ்த்து வைத்ததற்கு, அம்மா பார்த்தால் மனசு விட்டுப்போகும் என்று அவரோடு சண்டையே போட்டேன்.

புது ஆட்டத்துக்கு வருகிறேன். அட்டை கெட்டி, படங்கள் அழகு, அரை மணியில் முடிந்துவிடும், ஆறு வயதுப் பிள்ளையும் ஆடலாம். போன ஞாயிற்றுக்கிழமை மகளும் நானும் விரித்தபோது அம்மாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மகள் விதிகளை உரக்கப் படித்தாள். அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "முளுகுன கப்பலு இன்னா ஆவும்?" என்றாள்.

"ஒரு சுத்து சும்மா ஒக்காரணும் ஆயா. அப்புறம் திரும்ப வந்துடும்."

"எங்கேந்து வரும்?"

"கெளம்புன எடத்துலேந்தே."

அம்மா அந்தச் சின்னக் கப்பலைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு அதை மகளிடம் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பி, கோபமும் இல்லாமல் அழுகையும் இல்லாமல், "பொய்யச் சொல்லி வளக்காதே. முளுகுனது வராதுன்னு சொல்லிக் குடு அதுக்கு" என்றாள். எழுந்து படுக்கப் போய்விட்டாள்.

அவள் எப்போது காத்திருப்பதை நிறுத்தினாள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் துணிச்சலில்லை. அவள் மனசு நோகக்கூடாதென்றுதான் இத்தனை வருஷமும் நான் பாத்திரம் கவிழ்க்காமல் ஒத்துப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குழுவில் கேட்டவர்களுக்கு, நல்ல ஆட்டம், பிள்ளைகளுக்குப் பிடிக்கும், வாங்கலாம் என்று எழுதி அனுப்பினேன். அனுப்பிவிட்டுக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நைனா எனக்கு அன்றைக்குத்தான் செத்தார்.