கொடைக்குப் போய்வந்தவர்

"ஆடி கடைசி வெள்ளி, காலை 6.10, ஒரகடம் டீக்கடை. திருவிழாவுக்கு ஏன் 'கொடை' என்று பெயர்?" இது என் நாட்குறிப்பில் உள்ள வரி.

கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் அந்தத் திருநெல்வேலிக்காரர் ஒல்லியானவர். கழுத்து வரை பட்டன் போட்ட நீலச் சட்டை. தினமும் இரண்டு டீ வாங்குவார். ஒன்றைக் குடித்துவிட்டு, மற்றதை பெஞ்சில் வைத்தபடியே விட்டுவிட்டு பஸ் ஏறிவிடுவார்.

"இன்னாபா, இன்னிக்கும் உன் தோஸ்து வர்லியா?" என்று புதிதாக வந்த டீ மாஸ்டர் சிரித்தார்.

திருநெல்வேலிக்காரர் என்னிடம், "இன்னைக்கு எங்கூர்ல கொடை சார்" என்றார்.

"திருவிழாவுக்கு ஏன் அந்தப் பேரு?"

"சாமிக்குக் குடுக்கோம்லா, அதான். ஒரு வருசம் கொடைக்கு லீவு கிடைக்கல. ரூம்ல கூட இருந்தவன் என் ஷிஃப்டைப் பாத்தான். நான் ஊருக்குப் போயிட்டு திருநீறோட திரும்பி வாரேன், அவன் மெஷின்ல மாட்டிச் செத்துக் கிடக்கான். அதுக்கப்புறம் கொடைக்குப் போகல சார். இந்த டீய அவனுக்குத்தான் குடுக்கேன்."

கிளாஸை எடுக்க நீட்டிய கையை மாஸ்டர் இழுத்துக்கொண்டார்.

'கொடு' என்பதிலிருந்து கொடை வந்ததில் எனக்குச் சந்தேகமில்லை. ஷிஃப்டை மாற்றிக்கொள்ளலாம் என்று முதலில் சொன்னது இவரா, நண்பரா என்று கேட்டேன். அவர் அந்த டீயைப் பெஞ்சின் உட்பக்கமாக நகர்த்தி வைத்தார். பஸ் வந்தது, ஏறிவிட்டார்.

குறிப்பில் 'முதலில் சொன்னது யார்?' என்பதற்கு எதிரே "உறுதி செய்யப்படவில்லை" என்றுதான் இன்னும் இருக்கிறது.