மருந்துப் பெட்டியை எடுக்காதவர்

கார் நிக்கோபார் போகும் கப்பலில் என் எதிர்ப் படுக்கையில் இருந்தவர், தீவு மருத்துவமனை ஒன்றில் பார்மசிஸ்ட். ஐம்பது வயதைத் தாண்டியிருப்பார். நரைத்த முடியை இறுக்கிக் கொண்டை போட்டுக்கொண்டு, மடியில் லேப்டாப்பை வைத்து, பேய்கள் துரத்தும் வீடியோ கேம் ஒன்றை ஆடிக்கொண்டிருந்தார். இரண்டாம் பாகமாம்.

"எப்படி இருக்கு மேடம்?" என்று கேட்டேன்.

"சத்தம் அருமை தம்பி. பேய் வர்றதுக்கு முந்தி மரத்தரை கிறீச்சுங்கும் பாருங்க, முதுகு சில்லுனு ஆயிடும். முதல் பாகத்துல அது இல்ல. ஆனா இதுல ரூமுக்கு ரூம் மருந்துப் பெட்டி வச்சுக் கெடுத்துட்டானுங்க. பேய் கடிச்சா உடனே மருந்து! அப்புறம் எதுக்குப் பயப்படணும்? மெயின்லேண்ட் புத்தி. பதினஞ்சு நாள் கப்பல் வராம, இருக்கிற மருந்தை வச்சு ஓட்டிப் பார்த்திருந்தா இப்படிப் பண்ணுவானா?"

அதனால் அவர் ஒரு பெட்டியைக்கூட எடுப்பதில்லை. கதாநாயகி நொண்டிக்கொண்டே பெட்டியைக் கடந்து போனாள்; செத்தாள். அவர் மறுபடி தொடங்கினார்.

கப்பல் ஆடியதில் எனக்குக் குமட்டியது. மாத்திரை கேட்டேன். கையில் முழு அட்டை இருந்தும், ஒன்றை உடைத்துப் பாதியைத் தந்தார்.

"அரை போதும். நாளைக்கும் கப்பல் ஆடும்."

அரையே போதுமாக இருந்தது என்பதை இன்றும் எரிச்சலோடுதான் ஒப்புக்கொள்கிறேன்.

அதற்குள் கதாநாயகி ஏழாவது முறை செத்திருந்தாள். ஆட்டத்தை எளிதாக்கட்டுமா என்று திரை கேட்டது.

"ஜரூரத் நஹி! தேவையே இல்ல!" என்று திரையைப் பார்த்து உரக்கச் சொன்னார்.

படுக்கை வரிசையே திரும்பிப் பார்த்தது. அவர் யாரையும் பார்க்கவில்லை. கதாநாயகி மறுபடி நொண்டத் தொடங்கியிருந்தாள்.