பட்டியலில் இல்லாத அத்தை

அப்பாவின் மூளையில் பிறவியிலேயே ரத்தக்குழாய்கள் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்து ஆபரேஷன் செய்த வருஷம் நான் மூன்றாம் வகுப்பு. அப்பா தேறி, சூலூரில் மறுபடியும் விசைத்தறிக்குப் போய்விட்டார். இது பரம்பரையாக வருகிறதா என்று ஆராய்ச்சி செய்ய கோயமுத்தூரிலிருந்து ஒரு டாக்டரம்மா வீட்டுக்கே வந்தார். குடும்பத்தில் அத்தனை பேரிடமும் ரத்தம் எடுக்க வேண்டுமாம்.

ஆள் திரட்டியது தாத்தா. விருந்துக்கு அழைப்பதுபோலப் பட்டியல் எழுதி எல்லோருக்கும் போன் போட்டார். மூத்த மருமகளான பெரியம்மா பட்டுச்சேலையில் வந்து முதல் ஆளாகக் கையை நீட்டினாள். ஊசி என்றாலே மயங்கி விழும் அம்மாகூட மருமகள் மானத்தைக் காப்பாற்றக் கண்ணை மூடிக்கொண்டு நீட்டினாள்.

ரத்தமெல்லாம் எடுத்த பிறகுதான் டாக்டரம்மா வம்சப் படம் வரைந்தார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், நோய் இருந்தால் கறுப்பு. வரைய வரைய அவர் முகம் மாறியது. மருமகள்களின் ரத்தம் இதற்கு உதவாது, அப்பாவுக்குக் கூடப்பிறந்த பெண்கள் இல்லையா என்று கேட்டார்.

“ஒரு புள்ள இருக்குதுங்க. காரமடைல கட்டிக் குடுத்துப்போட்டோம். அது அடுத்த ஊட்டுப் புள்ளைங்க” என்றார் தாத்தா.

லீவுக்கு அங்கே போகும்போது பார்த்திருக்கிறேனே, அத்தை வாரம் தவறாமல் தலைவலி என்று துண்டைக் கட்டிக்கொண்டு படுப்பாளே என்று நான் எடுத்துக் கொடுத்தேன். பெரியம்மா என் தொடையில் கிள்ளினாள். ஆனால் டாக்டரம்மா விடவில்லை. அத்தையை வரவழைத்து, ஸ்கேனும் எடுக்கவைத்தார். அதே முடிச்சு. சின்னதுதான், மாத்திரையில் சமாளிக்கலாம் என்றார்கள்.

“பொறந்த ஊட்டுச் சீருதான் ஒழுங்கா வரல. இதாச்சும் வந்துச்சேங்க அப்பா” என்றாள் அத்தை. எல்லோரும் சிரித்தார்கள். தாத்தா மட்டும் துண்டை உதறி உதறி மடித்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா மறுபடி வந்து அத்தைக்கு ஒரு வட்டம் போட்டுக் கறுப்படித்தார். அப்பாவின் கறுப்புக் கட்டத்திலிருந்து ஒரு கோடு இறங்கி என் வட்டத்தில் முடிந்தது. என் ரத்தத்தின் முடிவு இன்னும் வரவில்லை என்பதால் அது வெள்ளையாகவே இருந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ரத்தத்தை வேண்டாமென்று சொன்ன வருத்தம்போல என்று எனக்குப் பாவமாக இருந்தது. எனக்கோ அப்பாவையும் அத்தையையும் பார்த்துப் பொறாமை. மேசையிலிருந்த பென்சிலை எடுத்து, “எனக்கும் கறுப்படிச்சுக்கட்டுங்களா?” என்று கேட்டேன்.

அம்மா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அடித்த கையாலேயே என்னை இழுத்துக் கட்டிக்கொண்டு ஏன் அப்படி அழுதாள் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.