பனிக்குக் காத்திருக்கும் நூர் பாய்

விடியற்காலையில் மாடிக்கு வந்து, கைப்பிடிச் சுவரோரம் நின்று, வாயை அகலத் திறந்து ‘ஹா’ என்று ஊதிப் பார்க்கிறார் நூர் முகமது. ஒன்றும் வரவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு, கிழக்குப் பக்கம் திரும்பி இன்னொரு தடவை ஊதுகிறார். வாயிலிருந்து புகை மாதிரி ஏதாவது கிளம்பினால் அன்றைக்குக் குளிர் உண்டு என்று அவருக்கு ஒரு கணக்கு. கள்ளக்குறிச்சியில் மார்கழி முழுக்க ஊதினாலும் அது ஏதோ இரண்டொரு நாள் வந்தால் பெரிய விஷயம். எதிர்மாடியில் துணி காயப்போடும் பெண்கள் ஆரம்பத்தில் பயந்துபோய், பாய்க்கு மூச்சு இழுக்கிறது போல என்று பேசிக்கொண்டார்கள். இப்போது அவர்களே கேட்கிறார்கள்.

“இன்னா பாய், வந்துச்சா?”

“எங்கங்க வருது? நம்ப ஊரு மேல சூரியனுக்கு ரொம்ப ஜாஸ்தி பாசம்” என்று சலித்துக்கொண்டே படி இறங்குவார்.

கடைவீதியில் அவருக்கு ஒரு கடை இருக்கிறது. மழைக்குக் குடை, குளிருக்குக் கம்பளியும் ஸ்வெட்டரும் மங்கி குல்லாவும். இதனால் அவருக்கு வந்த கெட்ட பெயர் கொஞ்சநஞ்சமல்ல. “கம்பளிய ஓட்டறதுக்குத்தான் பாய் பனி பனின்னு சொல்லிகினு திரியுறாரு” என்று பக்கத்துப் பாத்திரக்கடைக்காரர் பாவாடை சொல்லும்போதெல்லாம் பாய்க்குச் சுருக்கென்று கோபம் வரும். உண்மையில் நடப்பது தலைகீழ். நாலு பேர் நடுங்கிக்கொண்டு கம்பளி வாங்க வருகிற அன்றைக்குத்தான் பாய் கடையைப் பூட்டிவிட்டு, கல்வராயன் மலை மேலிருக்கிற வெள்ளிமலைக்கு பஸ் ஏறிப் போய்விடுவார். வியாபாரி லட்சணமா இது? இல்லைதான். அவருக்கும் தெரியும்.

பனி என்றால் எந்தப் பனி என்று சொல்லிவிட வேண்டும். காலையில் புல்லில் நிற்கிற நீரும், மலைப்பாதையை மறைக்கிற மூட்டமும் அவருக்குப் பனியே இல்லை. அந்த நீரே இறுகி உறைந்து, தரை உப்புப் பூத்ததுபோல வெளுத்துக் கிடக்க வேண்டும். ஊட்டியில் அது வருஷா வருஷம் விழுகிறது. கல்வராயன் மலைக்கு அத்தனை உயரம் கிடையாது. அங்கே அது விழுவது அபூர்வத்திலும் அபூர்வம். அந்த அபூர்வத்துக்காகத்தான் இந்த மனிதர் இத்தனை வருஷமாக வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார்.

அவர் தனி ஆளும் இல்லை. இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் மாவட்டத்தில் இன்னும் சிலர் உண்டு. எல்லோரும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்கள். எலவனாசூர்கோட்டையில் டியூஷன் எடுக்கிற தேவதர்ஷினி, காற்று எந்தப் பக்கம், மேகம் எவ்வளவு என்று தினமும் படம் போட்டு விளக்குவாள். நைனார்பாளையம் உரக்கடை ஜெயப்பிரகாஷ் ஒருநாள் காலையில், “பாய், விழுந்துடிச்சி” என்று போனில் கத்தினார். கூடவே ஒரு படம். தரை முழுக்க வெள்ளை. பாய் பல் கூடத் தேய்க்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினார். போய்ப் பார்த்தால், ஜவ்வரிசி ஆலைக் களத்தில் மரவள்ளி மாவு காயப்போட்டிருக்கிறார்கள். மூட்டத்தில் தூரத்திலிருந்து படம் எடுத்த ஜெயப்பிரகாஷ் அசட்டுச் சிரிப்போடு நின்றார். பாய் குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். அப்போதும் அவருக்கு ஒரு நப்பாசை.

இத்தனைக்கும் காரணம் ஒரே ஒரு காலைப்பொழுது. அவருக்குக் கல்யாணமான வருஷம் அது. அப்போது கடை இல்லை. கம்பளிகளை மூட்டை கட்டி வெள்ளிமலைக்கு எடுத்துப்போய் வீடு வீடாக விற்பார். கடைசி பஸ்ஸை விட்டுவிட்டால் பெரியண்ணன் வீட்டில் படுக்கை. பெரியண்ணன் என்பது பெயர்தான்; அந்த மலைக்காரர். சாமையும் கேழ்வரகும் விளைவிக்கிறவர். பாயின் வயதுதான் அவருக்கும். அன்று விடிந்து வெளியே வந்தால், வீட்டுக்குக் கீழே இருக்கிற பள்ளக்கொல்லை முழுக்க வெள்ளை. கால் வைத்தால் நொறுக் நொறுக்கென்று சத்தம். பாய் பையன் மாதிரி அங்குமிங்கும் ஓடினார். அந்தக் கொல்லையில் அவரைக்கொடி மொத்தமும் பனியில் கருகி நிற்க, பெரியண்ணன் வரப்பில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். அது பாய் கண்ணில் படவேயில்லை. அவருக்கு அப்போது ஒரே நினைப்பு, இதைப் புதுப்பெண்டாட்டிக்குக் காட்ட வேண்டும்.

வெள்ளச்சியிடம், அதாவது பெரியண்ணன் மனைவியிடம், ஒரு தூக்குவாளி வாங்கி, புல்லோடு சுரண்டிச் சுரண்டி நிரப்பினார். விற்க வைத்திருந்த கம்பளியில் ஒன்றை அதற்குச் சுற்றினார். வளைவுக்கு வளைவு மடியில் அணைத்துப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்து சேர்ந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் மூடியைத் திறந்து, “பாரு கமரு” என்றார்.

கமர் ஜஹான் எட்டிப் பார்த்தார். உள்ளே அரைத் தூக்குத் தண்ணீரும் நாலு புல்லும்.

“எனக்குத் தண்ணி காட்டறதுக்கா அம்மாந் தூரத்துலேர்ந்து வந்தீங்க?” என்று கேட்டார். கேட்டாரே தவிர, கணவரின் முகம் விழுந்துபோனதைப் பார்த்ததும், அதை ஒரு டம்ளரில் வடிகட்டிக் குடித்தும்விட்டார். பனியைக் குடித்தவள் இந்த ஊரிலேயே என் பெண்டாட்டி ஒருத்திதான் என்று பாய் இன்றைக்கும் பெருமையடித்துக்கொள்வார். “குடிச்சது தண்ணிங்க. புல்லு வாசன வந்துச்சி” என்பார் கமர் ஜஹான்.

அன்றிலிருந்து வருஷா வருஷம் மனைவியைக் கூப்பிடுகிறார். மலையேறினால் கமர் ஜஹானுக்கு வயிறு தாங்காது. “பஸ்ஸு ஒரு தபா திரும்புனா என் கொடலு ரெண்டு தபா திரும்புது. நீங்க போய்ட்டு வாங்க” என்று அனுப்பிவிடுவார். பிறகு மகள் ருக்ஷானா பிறந்தாள். பள்ளிக்கூடம், கல்யாணம் என்று வருஷங்கள் ஓடின. பாய் தனியாகப் போய்த் தனியாகத் திரும்பினார். பனி திரும்பி வரவேயில்லை.

இந்த வருஷம் விஷயம் வேறு. ருக்ஷானா சென்னையில் இருக்கிறாள். அம்மாவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது, மாடிப்படி ஏற முடியவில்லை, இரண்டு பேரும் என்னோடு வந்துவிடுங்கள் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். நோன்பு தொடங்குவதற்கு முன்னால் கடையைக் கைமாற்றிவிட்டுக் கிளம்புவதாக முடிவாகிவிட்டது. பாய் யாரிடமும் மறுத்துப் பேசவில்லை. “அங்க மார்கழியிலயும் ஃபேன் ஓடுமாமே” என்று மட்டும் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். கமர் ஜஹான் குழம்பை ஊற்றிவிட்டு, “இந்த வருஷம் நானும் வரேன். எலுமிச்சம்பழம் வாங்கியாங்க, மோந்துகினே வந்துடறேன்” என்றார். பாய்க்குச் சோறு இறங்கவில்லை. சந்தோஷத்தில்தான்.

தை பிறந்து, வானம் துடைத்துவிட்டாற்போல இருந்த ஒரு நாளில் தேவதர்ஷினி எழுதினாள்: “அங்கிள், இன்னைக்கு நைட் மேல காத்தே இல்ல. மேகமும் இல்ல. இந்த மாதிரி நான் பார்த்ததே இல்ல. வெள்ளிமலை பள்ளத்துல கண்டிப்பா சான்ஸ் இருக்கு.” மத்தியான பஸ்ஸில் இரண்டு பேரும் ஏறினார்கள். எலுமிச்சம்பழம் பாதி வழியிலேயே கைவிட்டுவிட்டது. கமர் ஜஹான் வளைவுக்கு வளைவு ஜன்னலில் தலை வைத்தார். பாய் முதுகைத் தடவிவிட்டுக்கொண்டே, “இன்னும் கொஞ்சம்தான், இன்னும் கொஞ்சம்தான்” என்று பொய் சொல்லிக்கொண்டு வந்தார்.

வெயில் சாய்கிற நேரத்தில் பெரியண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். “வாங்க பாய், வாங்க பாயம்மா” என்று வெள்ளச்சி கை பிடித்து உள்ளே அழைத்துப் போனார். பாய்க்கு உட்காரப் பொறுமை இல்லை. பள்ளக்கொல்லையைப் பார்க்க இறங்கினார். பாதி வழியில் நின்றுவிட்டார்.

அந்தக் கருகிய அவரைக்குப் பிறகு, குளிர்காலத்தில் பெரியண்ணன் அந்தப் பள்ளத்தில் எதுவும் வைத்ததில்லை. வருஷா வருஷம் சும்மா கிடக்கும் நிலம். இப்போது அது முழுக்கத் தக்காளி. வரிசை வரிசையாகக் குச்சி நட்டுக் கட்டியிருந்தது. செடிக்குச் செடி மஞ்சள் பூ.

“இந்த வருசம்தான் போர் போட்டோம் பாய். தண்ணி வந்துச்சி. பள்ளத்த எதுக்குச் சும்மா போட்டு வைக்கிறதுன்னு வச்சிட்டேன்” என்றார் பெரியண்ணன், பின்னாலேயே வந்து. அவர் குரலில் பூரிப்பு தெரிந்தது.

பாய் வானத்தைப் பார்த்தார். ஒரு திட்டு மேகம் இல்லை. இலை அசையவில்லை. பள்ளத்தின் அடியில் நின்றபோது பாதத்திலிருந்து குளிர் ஏறியது. ஆயுசு முழுக்க அவர் கேட்டது இதோ வந்துகொண்டிருக்கிறது; அதுவும் மனைவி இருக்கிற வீட்டு வாசலுக்கு. வாயை மூடிக்கொண்டு போய்ப் படுத்தால் போதும். அவரால் அது முடியவில்லை.

“பெரியண்ணா, இன்னிக்கு இங்க வெள்ளப் பனி விழும்.”

பெரியண்ணன் சிரித்தார். “வருசா வருசம் நீங்க இதத்தான சொல்றீங்க பாய்.”

அது நியாயமான பேச்சு. எத்தனை தை மாதம் இதே வாசலில் நின்று இதையே சொல்லிவிட்டு, மறுநாள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறார். இனி சொல்லிப் புரியவைக்க முடியாது என்று தெரிந்தது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, மாட்டுக்கொட்டகைப் பக்கம் இருந்த வைக்கோல் போரிலிருந்து இழுத்துக் கட்டி, ஒரு கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினார். புகை போட்டால் பனி இறங்காது என்று முன்பு அவரிடம் சொன்னதே பெரியண்ணன்தான். இரண்டாவது கட்டுக்கு பாய் மூச்சிரைத்துக்கொண்டு மேலே வந்தபோது பெரியண்ணனின் சிரிப்பு போயிருந்தது. அவரும் ஒரு கட்டைத் தூக்கினார்.

வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்த கமர் ஜஹான் கேட்டார், “அப்ப நாம எதுக்குங்க வந்தோம்?”

“பூ வுட்டுகீது கமரு” என்றார் பாய்.

விடிவதற்கு வெகுநேரம் முன்பே எழுந்து, கொல்லையின் நாலு மூலையிலும் ஈர வைக்கோலைக் கொளுத்தினார்கள். புகை எழும்பி, செடிகளுக்கு மேலே கூரை போட்டதுபோலப் பரவி நின்றது. ஓடைக்கரை மூலை பாய் பொறுப்பு. பள்ளத்திலேயே தாழ்வான இடம் அது. பஜ்ர் வேளை வந்ததும் அங்கேயே வரப்பில் துண்டை விரித்துத் தொழுதார். அன்றைக்கு துஆவில் என்ன கேட்பதென்று அவருக்கே குழப்பமாக இருந்திருக்கும். எழுந்து திரும்பினால், அவர் மூலையில் நெருப்பு அவிந்து, ஒரு ஓரத்தில் கங்கு மட்டும் கிடந்தது.

அவிந்த இடத்துக்கு அந்தப் பக்கம், ஓடையோரப் புல் வெளுத்திருந்தது.

முதலில் சாம்பல் என்றுதான் நினைத்தார். குனிந்தார். சாம்பலில்லை. ஒவ்வொரு புல்லின் விளிம்பிலும் ஊசி ஊசியாக வெள்ளை. அதேதான். புதுமாப்பிள்ளையாக அவர் சுரண்டி நிரப்பிய அதே வெள்ளை.

“கமரு” என்று கூப்பிட்டார். “கமரு, வா. சீக்கிரம் வா.”

கமர் ஜஹான் வீட்டிலிருந்து இரண்டு டம்ளரில் டீ எடுத்துக்கொண்டு வரப்பில் வந்துகொண்டிருந்தார். முட்டியைப் பிடித்துப் பிடித்து, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து. “வரேங்க. கால அவசரப்படுத்தாதீங்க” என்ற குரல் புகைக்குள்ளிருந்து வந்தது.

பாய் மனைவி வருகிற திசையைப் பார்த்தார். அப்புறம் பக்கத்தில் நின்ற தக்காளிச் செடியைப் பார்த்தார். தரையைத் தொட்டுக்கொண்டிருந்த அடியிலையின் ஓரத்தில் நூல் போல ஒரு வெள்ளை ஓடியிருந்தது. அடுத்த செடியிலும் ஆரம்பித்திருந்தது. அதற்கு மேலே பூக்கள்.

சட்டைப்பையில் போன் இருந்தது. அதை எடுக்கவில்லை. வெளுத்த புல்லின் மேல் இடது கையை அழுத்தி ஊன்றிக்கொண்டு, கங்கு இருந்த பக்கத்திலிருந்து வலது கையால் வைக்கோலை வாரி வாரி இழுத்து அந்தப் புல் மேலேயே போட்டார். புகை குபுகுபுவென்று கிளம்பியது. மேலும் இழுத்துப் போட்டார். கண்ணில் நீர் கொட்டியது.

கமர் ஜஹான் வந்து நின்றபோது அங்கே புகையைத் தவிர எதுவும் இல்லை.

“எதுக்குங்க அப்பிடி கூப்ட்டீங்க?”

“டீ ஆறிடுமேன்னுதான்” என்றார் பாய்.

கமர் ஜஹான் புகையைப் பார்த்தார். புகைக்குள் பூவோடு நின்ற செடிகளைப் பார்த்தார். பிறகு டம்ளரை நீட்டினார். அதை வாங்க நீண்ட பாயின் இடது கை தன் விரலில் பட்டதும் சட்டென்று நிறுத்தினார். டம்ளர் இரண்டையும் வரப்பில் வைத்துவிட்டு, அந்தக் கையை இழுத்துத் தன் இரண்டு உள்ளங்கைக்குள்ளும் பொத்திக்கொண்டார்.

“இம்மாங் குளிரா?” என்றார் மெதுவாக.

பாய் தலையாட்டினார். சூரியன் மலைக்கு மேலே வருகிற வரைக்கும் கமர் ஜஹான் அந்தக் கையை விடவில்லை.