சுகுணா டீச்சரின் பதினோரு நாள்

மணமேல்குடி சுகுணா டீச்சருக்குப் பொறாமைக் குணம் உண்டு. ஊரில் யாருக்கும் இது தெரியாது. ஏனென்றால் நகை மேலோ வீட்டின் மேலோ அடுத்தவள் புடவை மேலோ அவருக்கு ஒரு நாளும் கண் போனதில்லை. தங்கச்சி காரைக்குடியில் மாடி வீடு கட்டிக் கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டபோது, வாய் நிறைய வாழ்த்திவிட்டு, பாயசத்தை இரண்டு தரம் வாங்கிக் குடித்துவிட்டு வந்த மனுஷிதான். அவருக்கு வயிறு எரிவது ஒரே விஷயத்துக்கு. தான் தேற்றிவிட்ட பிள்ளை இன்னொரு டீச்சரைப் பற்றிப் பெருமையாகப் பேசிவிட்டால் போதும், அன்றைக்கு வீட்டில் பாத்திரமெல்லாம் சத்தமாகக் கழுவப்படும். கணவர் ஆத்மநாதன் அந்தச் சத்தம் கேட்டதும் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார்.

வேலை அப்படிப்பட்ட வேலை. மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பும் பிள்ளைகளைத் தேடிப் போக வேண்டும். விட்ட பாடத்தைச் சொல்லிக்கொடுத்து, பயத்தைத் தெளிய வைத்து, மறுபடியும் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். உட்கார வைத்த மறுநாள் அந்த வீட்டில் டீச்சருக்கு வேலை இல்லை. பதினான்கு வருஷத்தில் அவருடைய ஸ்கூட்டி இப்படி இருபத்தாறு பிள்ளைகளை ஏற்றி இறக்கியிருக்கிறது. ஏறும்போது கழுத்தைக் கட்டிக்கொண்ட பிள்ளைகள், இறங்கியதும் திரும்பிப் பார்க்காமல் ஓடிய கதைதான் இருபத்தாறும்.

மீமிசல் சார்லஸை எடுத்துக்கொள்ளுங்கள். லாரி மோதித் தொடை எலும்பு முறிந்து பத்து மாதம் படுத்திருந்தவன். அவனுக்கு அல்ஜீப்ராவைத் தலையணை ஓரம் உட்கார்ந்து ஊட்டியது யார்? பத்தாம் வகுப்பில் கணக்கில் தொண்ணூற்றெட்டு வாங்கியவன், ஸ்வீட் பாக்ஸோடு முதலில் ஓடியது பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியாரிடம். இவரிடம் வந்தபோது பெட்டியில் இரண்டு மைசூர்பாகு மிச்சம் இருந்தது. அதில் ஒன்று உடைந்தது. டீச்சர் சிரித்துக்கொண்டே தின்றார். இன்றைக்கும் மைசூர்பாகைப் பார்த்தால் அவருக்கு நெஞ்சைக் கரிக்கும்.

இருபத்தேழாவது பிள்ளை கார்த்திகா. ஜெகதாப்பட்டினத்துக்காரி, ஏழாம் வகுப்பு. அப்பா நாகராசு விசைப்படகில் போகிறவர். அவர் கடலில் இருக்கும் நாளெல்லாம் அம்மா சந்தனம் கையிலிருந்து போனை இறக்கமாட்டாள். ஜூன் மாதம் பள்ளி திறந்த இரண்டாம் வாரம் கார்த்திகாவுக்குக் கிட்னியில் கோளாறு கண்டு உடம்பெல்லாம் வீங்கிவிட்டது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் பெட்டில் இருந்தாள். நீர் வற்றிய பிறகும் மாத்திரையால் முகம் மட்டும் உப்பியே இருந்தது. தெருவில் எவனோ ஒருத்தன் ‘பன்னு’ என்று கூப்பிட்டுவிட்டான். அதோடு பிள்ளை வாசல்படி தாண்டவில்லை.

சுகுணா டீச்சரின் கைப்பக்குவம் இங்கேதான். வாரம் மூன்று நாள் வருவார். வந்த உடனே பாடத்தை எடுக்கமாட்டார். முதல் வாரம் வாசல் வரை நடத்திப் போனார். அடுத்த வாரம் தெருக்குழாய் வரை. ஒவ்வொரு தடவையும் நாலு வீடு கூட. ‘பன்னு’ என்றவன் எதிரே வந்தபோது டீச்சரே நின்று, “இவ பேரு கார்த்திகா. ஒம் பேரு என்னடா?” என்று கேட்டார். அவன் பேரைச் சொல்லாமலே ஓடிவிட்டான். ஐப்பசி முடிவதற்குள் இருவரும் ஐஸ் கம்பெனி வரை போய்விட்டார்கள். அதற்கு அங்கிட்டுப் பள்ளிக்கூடம்.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, அந்தச் சுபா மிஸ் மட்டும் நடுவில் வராமல் இருந்திருந்தால். பள்ளிக்கூடத்தில் கார்த்திகாவின் வகுப்பு டீச்சர். சுபா மிஸ் நேரில் வரவில்லை. பிள்ளையின் வாயில் வந்தார்.

“எங்க சுபா மிஸ் பின்னம் நடத்தறப்ப தோசைய வெட்டிக் காட்டுவாங்க டீச்சர்.”

“தோசை எதுக்கு? நாம மீனைத் துண்டு போடுவோம்,” என்று டீச்சர் நோட்டில் ஒரு வஞ்சிரத்தை வரைந்தார். நன்றாகவே வரைந்தார்.

கார்த்திகா தலையை ஆட்டினாள். “மீனு சரிபாதியா வராது டீச்சர். தலைப்பக்கம் கனம் கூட.”

அன்று மணமேல்குடியில் பாத்திரச் சத்தம் மூன்று வீட்டுக்குக் கேட்டது. தோசை போனால் போகட்டும், அந்த ‘எங்க’ என்ற சொல்தான் அவரைப் பொசுக்கியது. தன்னை வெறும் ‘டீச்சர்’ என்கிறாள். முகம்கூடக் காட்டாத அந்தச் சின்னப் பெண், ‘எங்க’ சுபா மிஸ். ஐந்து மாதத்தில் ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்தாளா அவள்? போனில் நாலு வார்த்தை பேசினால் ஆயிற்றா?

அந்த நிலைமையில்தான் டாக்டரின் கடிதம் கைக்கு வந்தது. நாகராசு கடலில் இருந்தார். சந்தனத்துக்கு வீட்டை விட்டு நகர முடியவில்லை. “நான் எப்படியும் தஞ்சாவூர் போறேன், ரிப்போர்ட்டை நானே வாங்கிட்டு வாரேன்,” என்று டீச்சர்தான் சொன்னார். பதினாலாம் தேதி டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, திங்கட்கிழமை முதல் பள்ளிக்கு அனுப்பலாம், உப்பில்லாச் சாப்பாடு, தண்ணீர் இவ்வளவு, களைத்தால் படுக்க விடுங்கள் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். பஸ்ஸில் டீச்சர் அதை நாலு தரம் படித்தார். படிக்கப் படிக்க மைசூர்பாகு ஞாபகம் வந்தது.

மறுநாள் சந்தனம் ஆவலாகக் கேட்டாள். “என்ன சொன்னாங்க டீச்சர்?”

“ரிப்போர்ட் நல்லாத்தான் இருக்கு. ஸ்கூலுக்கு மட்டும் இன்னுங் கொஞ்ச நாள் பொறுக்கணும்.”

முழுப் பொய் இல்லை என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பின்னம் இன்னும் முடியவில்லையே. சதவீதம் வேறு பாக்கி. கடிதம் கைப்பையின் ஜிப்புக்குள் போயிற்று.

ஒரு வாரம் டீச்சருக்குத் தேனாக இனித்தது. கார்த்திகா வாசலிலேயே காத்திருந்தாள். சுபா மிஸ் பேச்சே எடுக்கவில்லை. சனிக்கிழமை பாடம் முடிந்து எழுந்தபோது டீச்சரின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, “எனக்கு ஸ்கூலே வேணாம் டீச்சர். நீங்களே போதும்,” என்றாள்.

பதினான்கு வருஷமாக ஒரு பிள்ளையாவது சொல்லாதா என்று ஏங்கிய வார்த்தை. டீச்சருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அது நிறைந்து முடிவதற்குள் அடுப்படியிலிருந்து சந்தனம் பேசினாள்.

“அவுக அப்பாவும் அதத்தான் சொல்றாரு டீச்சர். இவ்வளவு நாள் ஆகியும் டாக்டரே விடல. பொம்பளப்புள்ள, சீக்குக்கார ஒடம்பு. படிச்ச வரைக்கும் போதும், பேரை எடுத்துட்டு வீட்டோட இருக்கட்டும்ங்கிறாரு. நீங்களே சொல்லுங்க, இவளும் போக மாட்டேங்கிறா.”

டீச்சர் கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தார். திரும்பும் வழி முழுக்க மழை. வீட்டுக்கு வந்து நனைந்த புடவையோடு ஆத்மநாதனிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவர் கேட்டுவிட்டு, “புள்ளைய ஸ்கூலுக்கு அனுப்பத்தானே ஒனக்கு வேலை குடுத்தாக? ஸ்கூல்கிட்டருந்து காப்பாத்தவா?” என்றார். பாத்திரம் கழுவும் சத்தமே அன்று இல்லை.

திங்கட்கிழமை காலையில் டீச்சர் பள்ளிக்கூடத்துக்குப் போனார். பிள்ளையைச் சேர்க்க ஏற்பாடு செய்யத்தான் போனார். ஆனாலும் அந்தச் சுபாவிடம் ஏதாவது ஒரு குறை கண்ணில் படாதா என்ற நப்பாசையும் கூடவே போயிற்று. பேரை அடித்திருப்பாள், இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்திருப்பாள் என்று எண்ணிக்கொண்டே ஏழாம் வகுப்பு ஜன்னலோரம் நின்றார். உள்ளே ஆஜர் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“கமலேஷ்.”

“உள்ளேன் மிஸ்.”

“கார்த்திகா.”

முப்பது பிள்ளைகளும் ஒரே குரலில், “வருவா மிஸ்!” என்றார்கள். சுபா மிஸ் தலை நிமிராமல் அடுத்த பேருக்குப் போனார்.

டீச்சர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். சுபா வெளியே வந்து, “சுகுணா மிஸ்ஸா? வாங்க, வாங்க,” என்று கையைப் பிடித்தபோது அதைப் பற்றித்தான் டீச்சர் முதலில் கேட்டார்.

“அதுவா? ஜூன் மாசத்துலருந்து அப்படித்தான் மிஸ். போன் ஆப்ல வரலைன்னுதான் பதியுறேன். ஆனா ஆப்சென்ட்னு வாயால சொல்ல இதுக விடமாட்டேங்குதுக. அவ வந்தா சத்துணவு அக்காட்ட உப்புப் போடுறதுக்கு முன்னாடி ஒரு கரண்டி எடுத்து வைக்கச் சொல்லியிருக்கேன். வீட்டுக்கு வரணும்னு கெடந்து துடிச்சேன். கூட்டம் சேர்ந்தா காய்ச்சல் ஒட்டிக்கும், யாரும் வராதீங்கன்னு நீங்கதானே சொல்லியனுப்புனீங்க?”

ஆமாம், சொன்னது இவர்தான். டாக்டர் சொன்னார் என்றுதான் சொன்னார். ஆனால் செப்டம்பரிலேயே டாக்டர் அந்தத் தடையை எடுத்துவிட்டார், அதை மட்டும் இவர் சொல்ல மறந்துவிட்டார். மறந்தேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தார். குறை தேடி வந்த இடத்தில் எல்லாக் குறையும் தன் பெயருக்கே வந்து சேர்ந்ததைக் கண்டு அவருக்கு அழுகை முட்டியது. வயிறும் எரிந்தது. எவ்வளவு அழகாகச் செய்திருக்கிறாள் பாவி!

“நாளைக்கு ஆஜர் எடுக்கறப்ப அதை ரெக்கார்ட் பண்ணி எனக்கு அனுப்புறீங்களா?” என்று கேட்டுவைத்தார்.

செவ்வாய்க்கிழமை ஜெகதாப்பட்டினத்தில் போனைக் கார்த்திகாவின் மடியில் வைத்து அழுத்தினார். அவள் பேர் வந்தது. முப்பது குரலும் வந்தது. கார்த்திகா திகைத்துப்போய் டீச்சரைப் பார்த்தாள். மறுபடியும் போட்டுக் கேட்டாள். ஆறு தரம் கேட்டாள். ஒவ்வொரு குரலாகப் பிரித்து, “இது பிரியா, இது அந்தத் திக்குவாயன்,” என்று சிரித்தாள். டீச்சர் என்று ஒருத்தி பக்கத்தில் இருப்பதே அவளுக்கு மறந்துவிட்டது. அந்த ஆறு தரமும் சுகுணா டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“நான் போவலாமா டீச்சர்? டாக்டர் எப்ப விடுவாக?”

டீச்சர் கைப்பையைத் திறந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். கார்த்திகா எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகு மேலே பார்த்தாள்.

“பதினாலாந்தேதின்னு போட்டிருக்கு.”

“ஆமா.”

“இன்னைக்கு இருபத்தஞ்சு.”

டாக்டர் தேதியை மாற்றிப் போட்டுவிட்டார் என்று சொல்லியிருக்கலாம். பிள்ளை நம்பியிருக்கும். “நாந்தான் வச்சிருந்தேன்,” என்றார் டீச்சர். “ஒன்ன விட மனசு வரல. விட்டா நீ சுபா மிஸ் புள்ளையாயிருவ.”

கார்த்திகாவின் உதடு துடித்தது. “பதினோரு நாளா, இனிமே எனக்குச் சரியாவாதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன் டீச்சர். நான் செத்துருவேன்னு. அதான் ஸ்கூல் வேணாம்னேன்.”

டீச்சருக்கு யாரோ கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. ‘நீங்களே போதும்’ என்ற வார்த்தைக்கு அதுதான் அர்த்தமா? “தப்புத்தாண்டா,” என்றார். “ஒங்க அம்மாட்ட இப்பவே நானே சொல்லிர்றேன்.”

“சொல்லுங்க. அம்மா ஏசட்டும்,” என்று கார்த்திகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோபம் தீராமலே கடிதத்தை நாலாக மடித்துப் பள்ளிக்கூடப் பைக்குள் வைத்தாள். ஜிப்பை இழுத்தாள். பிறகு திரும்பிப் பார்க்காமல், “சுபா மிஸ்கிட்ட மட்டும் நான் சொல்ல மாட்டேன்,” என்றாள்.

சுகுணா டீச்சருக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. அந்த எரிச்சலுக்கு நடுவிலேயும், சுபா மிஸ்ஸுக்குத் தெரியாத ஒன்று இந்தப் பிள்ளைக்கும் தனக்கும் இருக்கிறது என்று ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. சீ, என்ன ஜென்மம் நான் என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டு, அவர் சந்தனத்தைத் தேடி அடுப்படிக்குப் போனார்.