ஆம்ப்ளிஃபையர் குமிழில் ஒரு சிவப்புப் பொட்டு

மேசைமேல் வைக்க ஒரு ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர் தேர்ந்தெடுக்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது. "என்னைக் கட்டிக்கிறதுக்கு மூணு நாள்கூட யோசிக்கல, இதுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?" என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான்.

தொழிற்பேட்டைப் பகுதியான பாயான் பாருவில் வீடு, பக்கத்திலேயே தொழிற்சாலை. மின்சுற்றுப் பலகைகளைச் சோதிப்பதுதான் இருபத்தாறு வருஷமாக என் வேலை. எண்ணைப் பார்க்காமல் எதையும் நம்ப மாட்டேன். ஒலிச் சிதைவு அளவில் புள்ளிக்குப் பிறகு எத்தனை சைபர் என்று ஒவ்வொரு பெட்டிக்கும் பட்டியல் போட்டேன். சிதைவு குறைவாக இருக்க வேண்டும், சக்தி நிறைய வேண்டும். வீட்டில் இருந்த பழைய பெட்டியில் சத்தம் போதவில்லை, பாட்டில் ஜால்ரா கேட்கவே இல்லை என்பது என் புகார்.

ஒரு சனிக்கிழமை இருவரும் சூலியா தெருப் பக்கம் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் பொறுமைசாலி. மூன்று ஆம்ப்ளிஃபையர்களை எடுத்து வைத்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு மூன்றிலும் அதே பாட்டைக் கேட்டேன்; ஜால்ரா இல்லை. குமிழை முக்கால்வாசி திருப்பியும் எனக்குத் திருப்தி வரவில்லை.

"இதைவிடப் பவர் உள்ளது இல்லையா?"

"இதுவே ஜாஸ்தி லா அண்ணே," என்றார் அவர், தயங்கியபடி.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. பலகைகள் வரிசையாகத் தோற்றால் பலகையைத் திட்டக்கூடாது. நன்றாக இருக்கிறது என்று முன்பே தெரிந்து, தனியாகப் பூட்டி வைத்த ஒரு பலகையை எடுத்து மாட்டிப் பார்ப்போம். கோல்டன் போர்டு என்போம். அதுவும் தோற்றால் கோளாறு சோதிக்கிற மெஷினில்தான். என் மனைவியும் அதே தொழிற்சாலையில் வேலை பார்த்தவள்.

அவள் என் தலையிலிருந்து ஹெட்போனைக் கழற்றித் தன் காதில் வைத்தாள். மறுகணமே "அம்மாடி!" என்று பிடுங்கி எடுத்தாள். குமிழைக் கால்வாசிக்கு இறக்கி மறுபடியும் கேட்டாள்.

"ஜால்ரா நல்லாத்தான் கேக்குது. நீங்க போர்டையே மாத்திக்கிட்டு இருக்கீங்க. மெஷினைச் செக் பண்ணலையே."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. மூன்றாவது ஆள் எதிரில் இப்படிச் சொல்லலாமா? நான் முறைத்தேன். அவள் கண்ணில் கேலி இல்லை, பயம் இருந்தது. அதைப் பார்த்ததும் என் கோபம் வடிந்தது.

ஒரு வருஷமாக அவள் எது சொன்னாலும், "வாய்க்குள்ளேயே முணுமுணுக்காதே" என்று எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். அவளும் குரலை உயர்த்தி இரண்டாம் முறை சொல்லுவாள். ஒரு நாளும் சண்டைக்கு வரவில்லை. அந்தக் கடையில் நின்றபடி அத்தனையும் நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது.

அடுத்த வாரம் காதைச் சோதித்துப் பார்த்தார்கள். உயர்ந்த சுருதிகள் எனக்குப் பாதிக்கு மேல் போய்விட்டன. இனிச் சத்தத்தைக் கூட்டினால் இருப்பதும் போகும் என்றார் டாக்டர். மூன்று பெட்டிகளில் சக்தி குறைந்ததை, ஆனால் சுத்தமானதை, வாங்கி வந்தேன். ஜால்ரா இல்லாமலே பாட்டுக் கேட்கப் பழகினேன்.

தொழிற்சாலையில் ஒரு திருகைச் சரியான இடத்தில் நிறுத்தியபின், யாரும் அசைக்காமலிருக்கச் சிவப்புச் சாயம் ஒரு சொட்டு வைப்போம். என் மனைவி தன் நகப்பூச்சை எடுத்து, குமிழின் கால்வாசியில் ஒரு பொட்டு வைத்தாள். அதைத் தாண்டி நான் திருப்புவதில்லை.

அவள் ஏதாவது சொன்னால் இப்போது ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து, "இன்னொரு தடவை சொல்லு" என்கிறேன்.